அந்தப் பெண் எழுதிய இரண்டாவது வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் வந்த மருத்துவக் கேள்வி பதிலைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். கல்லூரியில் படிக்கும் 19 வயதுப் பெண் ஒருத்தி கேட்டிருந்தாள். மாதவிடாயின் முதல் இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை, வாந்தி வருகிறது என்பது முதல் வரி. அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது உள்ளே கத்தியால் குத்துவது போல இருக்கிறது என்பது இரண்டாவது வரி. பதில் சொன்ன டாக்டர், இந்த வயதில் வலி சகஜம், கல்யாணமாகி ஒரு குழந்தை பிறந்தால் தானாகச் சரியாகிவிடும், கீரையும் நார்ச்சத்துள்ள காய்கறியும் சாப்பிடுங்கள் என்று முடித்துவிட்டார். இரண்டாவது வரிக்கு அந்தக் கீரைதான் பதில் போலிருக்கிறது.

அந்த இரண்டாவது வரியைச் சொல்லிக்கொண்டு எட்டு வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவள் நான். அதனால்தான் பேப்பரை மடித்து வைக்க முடியவில்லை.

எனக்கு 37 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிறேன். பிளஸ் டூ முடித்திருக்கிறேன். வயசுக்கு வந்தது 13இல். இரண்டு வருடம் ஒன்றும் தெரியவில்லை. 15 வயதிலிருந்து வலி. அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், அதற்கு வைத்த பெயர் குடலேத்தம். விளக்கெண்ணெயைத் தொப்புளைச் சுற்றித் தடவி, கீழிருந்து மேலே வழித்துவிடுவார். பாவம், பாதி ராத்திரி வரை தடவிக்கொண்டிருப்பார். வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் கொடுப்பார். "உன்ற அம்மாளும் இப்படித்தான் உருண்டா, உன்னப் பெத்ததும் நின்னு போச்சு" என்பார். டாக்டர்கள் சொல்வதற்கு முன்பே இந்தக் குழந்தை வைத்தியத்தை அமுச்சி சொல்லிவிட்டார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர், அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

2010இல் கல்யாணம், 2012இல் மகள். கர்ப்பமாக இருந்த மாதங்களும் பால் கொடுத்த மாதங்களும் நிம்மதியாகத்தான் போயின. மாதவிடாய் இல்லை, வலியும் இல்லை. மகளுக்கு ஒன்றரை வயதானபோது வலி திரும்பி வந்தது, கூடவே இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு. 2015 வாக்கில் அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தூரமான நாட்களில், அதாவது மாதவிடாய் நாட்களில், வெளிக்குப் போக உட்கார்ந்தால் கண் இருட்டும். அடிவயிற்றில் ஆரம்பித்து முதுகுத்தண்டின் கடைசி எலும்பு வரை ஒரு ஈட்டி இறங்கும். காலையில் நாலு தடவை பேதி போல் ஓடும், அடுத்த மூன்று நாள் ஒன்றுமே வராது. வயிறு உப்பி, சுடிதார் நாடாவை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கும். சில மாதம் ரத்தமும் வந்தது. மாதவிடாய் ரத்தம் எது, பின்னால் வரும் ரத்தம் எது என்று ஒரு பெண்ணுக்குத் தெரியும். டாக்டர்களுக்குத்தான் அதில் சந்தேகம்.

முதலில் எங்கள் தெரு முனைக் கிளினிக். கேஸ் ட்ரபிள் என்று ஊசி போட்டார், புளிப்பும் காரமும் ஆகாது என்றார். மூன்று மாதம் அரிசியும் பருப்பும் சாதம் மட்டும் சாப்பிட்டேன். பிறகு பின்னால் ரத்தம் என்றதும் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்த மூலம் பவுத்திரம் போஸ்டரைப் பார்த்துப் போன் நம்பர் எழுதி வந்தார். அங்கே என்னைக் குப்புறப் படுக்கவைத்து உள்மூலம் என்றார்கள். ஊசி, லேகியம், களிம்பு எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். அது இரண்டு வாரச் சம்பளத்துக்கும் மேல். அடுத்த மாதம் அதே தேதியில் அதே ஈட்டி.

ஒரு மகப்பேறு டாக்டரம்மாவிடம் போனேன். வயிற்று மேல் வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். ரிப்போர்ட் நார்மல். மலம் கழிக்கும்போது வலிக்கிறது என்று ஆரம்பித்தேன். "அது என் டிபார்ட்மெண்ட் இல்லம்மா, அதுக்கு வயித்து டாக்டரப் பாரு" என்றார். டோக்கன் 64 வரை வெளியே உட்கார்ந்திருந்தது, அவருக்கும் நேரமில்லைதான்.

வயிற்று டாக்டர் கோயம்புத்தூரில். 2018 ஆடி மாதம். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். முதல் நாள் ராத்திரி மருந்து கலந்த தண்ணீரை இரண்டு லிட்டர் குடித்து விடிய விடியக் கக்கூஸில் இருந்தேன். கேமரா பார்த்தது, குடல் சுத்தமாக இருக்கிறது என்று கலர் போட்டோவோடு கொடுத்தார்கள். ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சல் குடல் என்று பெயர் வைத்தார். "தூரமான நாள்ல மட்டும்தானுங்க டாக்டர் இப்படி ஆகுது" என்று சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, "அத லேடி டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "வீட்ல ஏதாவது பிரச்சனையா? மாமியாரோட ஒத்துப்போறாங்களா? மனசுல இருக்கறது வயித்துல வரும்" என்றார். அன்றைக்கு நான் பேசிய மற்றதெல்லாம் அந்த அறையிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தது "மனசுல இருக்கறது" மட்டும்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் நான் சுருண்டு படுக்கும்போது வீட்டில் யாராவது ஒருவர் என்ன கோபம் என்று கேட்டார்கள்.

அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு ஒரு மனநல மருத்துவரிடமும் போனேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை பேரில் முதன்முதலாக என்னை முழுசாகப் பேசவிட்டவர் அவர்தான். இருபது நிமிடம் கேட்டுவிட்டு, "உங்களுக்குத் தூக்கம் கெட்டிருக்கு, அதுக்கு வேணா மாத்திரை தர்றேன். ஆனா வலி வர்றதாலதான் தூக்கம் கெட்டிருக்கு, தூக்கம் கெட்டதால வலி வரல. வயித்த இன்னொரு தடவ யாராவது பாக்கணும்" என்றார். பைத்தியக்கார டாக்டரிடம் போய் வந்தவள் என்று சொந்தத்தில் எனக்குப் பேராகிவிட்டது. அந்த டாக்டர் சொன்னதைச் செய்ய அப்போது யாருக்கும் பணமும் பொறுமையும் மிச்சமில்லை. பிறகு கொரோனா வந்தது.

கம்பெனியில் இருப்பது தனிக் கதை. எங்கள் லைனில் 40 மிஷின். ஒரு ஆள் எழுந்து போனால் அடுத்த மிஷினுக்குப் பீஸ் வராது, சூப்பர்வைசர் கத்துவார். கக்கூஸ் போக அட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும், லைனுக்கு ஒரே அட்டை. அட்டையோடு போனவள் வரும்வரை மற்றவர்கள் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, தொழிலாளி வேலையிடத்தில் இருக்கும் நேரம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் போய்வரும்படி கழிப்பறை இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அட்டையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பேதி ஓடும் நாளில் நான் காலையில் சாப்பிடவே மாட்டேன். பன்னிரண்டு மணிக்கு வரக்காப்பியும் ஒரு வர்க்கியும், அவ்வளவுதான். கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரம் வர வேண்டுமே. பைக்குள் ஒரு பேண்ட், உள்பாவாடை, பிளாஸ்டிக் கவர் எப்போதும் இருக்கும். ஒரே ஒரு தடவை அதற்கு வேலை வந்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

வலி என்றால் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு மாத்திரை தருவார்கள். மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றொன்றாகக் கத்தரித்து வைத்திருப்பார்கள், பெயர் இருக்காது, தேதி இருக்காது. விழுங்கிவிட்டு மிஷினில் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் ஓட்டலாம். இது எங்கள் கம்பெனியில் மட்டும் நடந்ததல்ல. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் என்ற செய்தி அமைப்பு தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் நூறு பேர் வரை பேசவைத்து இதை வெளியே கொண்டுவந்தது. மாதவிடாய் வலிக்கு நம் பெண்கள் வெற்றிலை பாக்கு மாதிரி வாங்கிப் போடும் மெஃபனமிக் அமில மாத்திரையால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023 நவம்பர் கடைசியில் மருந்துகளின் தரத்தைப் பார்க்கும் இந்திய பார்மகோபியா கமிஷன் எச்சரித்ததும் உங்கள் பேப்பரில்தான் படித்தேன். எனக்கு ஒவ்வாமை வரவில்லை, வயிறுதான் புண்ணானது.

அயர்னிங் மாஸ்டர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் நன்றியில்லாதவள் ஆகிவிடுவேன். எங்கள் அப்பா வயசு. நான் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு பீஸ் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறார். கட்டிங் வேஸ்ட் துணியை நாலாக மடித்து, ஸ்டீம் அயர்னில் சூடாக்கி, ஒரு நாள் ஹெல்பர் பையனிடம் கொடுத்தனுப்பினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்த மாதம் நான் குனிந்து உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்தில் சூடான துணி வந்துவிடும். எட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்ததில் வேலை செய்த வைத்தியம் அது ஒன்றுதான்.

2021இல் இன்னொரு பெண் டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார். "குழந்தைதான் இருக்கே, அத வெச்சு இனி என்ன பண்ணப் போற?" என்று கேட்டார். பழைய மிக்சியைப் போடச் சொல்வது மாதிரி. எனக்கு அப்போது 33 வயது. எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள், உண்மையைச் சொன்னால் நானும். 90,000 ரூபாய் ஆகும் என்று சொன்னதால்தான் தள்ளிப்போனது. அந்தப் பணம் இல்லாமல் போனதற்கு இன்றைக்கும் சந்தோஷப்படுகிறேன். சீட்டுப் பணம் கையில் வர இரண்டு வருடம் ஆனது. செலவைக் குறைக்கலாம் என்று, அதே ஆபரேஷனை இலவசமாகச் செய்வார்களா என்று கேட்கத்தான் 2023 அக்டோபரில் கோயம்புத்தூரில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே மேல்படிப்புப் படிக்கும் ஒரு டாக்டர், என் தங்கச்சி வயசு இருக்கும், எல்லா ரிப்போர்ட்டையும் மேசையில் பரப்பிப் பார்த்தாள். கர்ப்பப்பையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மாசத்துல எந்த நாள்லங்க்கா நீங்க வேலைக்கு லீவு போடுவீங்க?" என்று கேட்டாள்.

எனக்கு அப்போதுதான் எங்கள் வீட்டுப் பால் கணக்குக் காலண்டர் ஞாபகம் வந்தது. சமையலறையில் மளிகைக் கடை மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் அரை லிட்டரா ஒரு லிட்டரா என்று கட்டத்துக்குள் எழுதி வைப்போம். சம்பளம் சரியாக வருகிறதா என்று பார்க்க நான் லீவு போட்ட நாளில் பால்பாயிண்ட் பேனாவால் 'லீ' என்று எழுதுவேன். நான் விளக்கு வைக்கலாமா கூடாதா, கோயிலுக்கு வரலாமா என்று கணக்குத் தெரிய, மாமியார் நான் தூரமான நாளில் குங்குமம் தொட்டு வைப்பார். நான் எழுதியது சம்பளத்துக்கு, அவர் வைத்தது சாமிக்கு. பின்பக்கம் முகூர்த்த நாள் இருப்பதால் மாமியார் எந்தக் காலண்டரையும் தூக்கிப் போட மாட்டார். மகளுக்குப் போன் போட்டு, பீரோவுக்கு மேல் சுருட்டி வைத்திருந்ததை எல்லாம் போட்டோ பிடித்து அனுப்பச் சொன்னேன்.

அந்த டாக்டர் பெண் போனைக் கையில் வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். குங்குமம் இருக்கிற கட்டத்திலும் அதற்கு முந்தின நாளிலும் 'லீ'. பழைய வருடங்களில் வேறு எங்கும் இல்லை. போகப் போக மற்ற நாட்களிலும் ஒன்றிரண்டு சிதறியிருந்தது. "ஆரம்பத்துல அந்த நாள்ல மட்டும் இருந்துட்டு, அப்புறம் மத்த நாளுக்கும் பரவியிருக்கு பாத்தீங்களா" என்று பக்கத்து மேசை டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு உள்ளே விட்டுப் பரிசோதித்தாள். கர்ப்பப்பைக்குப் பின்னால், மலக்குடலுக்கு முன்னால் ஒரு இடத்தில் விரல் பட்டதும் நான் போட்ட சத்தத்தில் திரைக்கு வெளியே இருந்த நர்ஸ் ஓடி வந்தார். "இங்கதானேங்க்கா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை, தலையை ஆட்டினேன். எட்டு வருடத்தில் வலி இருக்கும் இடத்தில் முதன்முதலாக ஒருவர் கை வைத்தார்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடது சினைப்பையில் நாலு சென்டிமீட்டர் சாக்லேட் கட்டி. அது கர்ப்பப்பைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலக்குடலின் வெளிச் சுவரில் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு கெட்டியான முடிச்சு, அதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்பக்கம் இருக்கும் சவ்வு போன்ற ஒன்று அதற்கு வெளியே, சினைப்பையிலும் குடலிலும் மூத்திரப்பையிலும் முளைத்துவிடுகிறதாம். மாதவிடாய் ஹார்மோன் ஏறி இறங்கும்போது அதுவும் வீங்கும், கசியும். போக வழியில்லாத ரத்தமும் புண்ணும் தழும்பாகி, பக்கத்தில் இருப்பதையெல்லாம் பசை போட்டது போல ஒட்டிவிடும். சாக்லேட் கட்டி என்பது பழைய ரத்தத்தின் நிறத்தால் வந்த பெயர். நோய்க்குத் தமிழ்ப் பெயர் ஏதோ இடமகல் கருப்பை அகப்படலம் என்று மகள் தேடிச் சொன்னாள். எங்கள் லைனில் அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. சாக்லேட் கட்டி என்றால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், அதில் ஒருத்தி எங்கக்காவுக்கும் அதுதான் என்கிறாள்.

குடலுக்குள் விட்ட கேமராவில் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டேன். அந்த டாக்டர் பெண் படம் போட்டு விளக்கினாள், எனக்கு உடனே புரிந்தது. பனியன் துணி நிட்டிங் மிஷினிலிருந்து டியூப் மாதிரி உருண்டையாகத்தான் வரும். டியூபுக்கு வெளிப்பக்கம் எண்ணெய்க் கறை பட்டிருந்தால், உள்ளே கையை விட்டு லைட் அடித்துப் பார்ப்பவனுக்கு என்ன தெரியும்? இந்த முடிச்சு குடலின் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே துளைத்துக்கொண்டு போவது. பெரும்பாலும் உள் தோல் வரை வருவதில்லை. அதனால் கேமரா போட்டோ சுத்தமாக இருப்பதை வைத்து ஒன்றுமில்லை என்று சொல்லக் கூடாது. வயிற்று மேல் ஸ்கேன் நார்மலாக இருப்பதும் அப்படித்தான். இதையெல்லாம் புதிதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. வியன்னாவில் ரொக்கிட்டான்ஸ்கி என்ற டாக்டர் 1860லேயே இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டாராம். திருப்பூருக்குப் பனியன் மிஷின் வருவதற்கு வெகு காலம் முன்பு. உலகத்தில் பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் பத்தில் ஒருத்திக்கு, சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எல்லோருக்கும் குடலில் வராது. வந்தவர்களில் என்னை மாதிரி மூலத்துக்கு லேகியம் தின்றவர்கள் எத்தனை பேரோ.

நான் பார்த்த டாக்டர்கள் யாரும் படிக்காதவர்கள் இல்லை. மாதவிடாய் ஒரு அறையில், மலம் வேறொரு அறையில், இரண்டு அறைக்கும் நடுவில் 50 கிலோமீட்டர். இரண்டு தேதியையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எழுதி வைத்திருந்தது மாமியாரின் குங்குமம். இந்த விஷயம் தெரிந்த பிறகு மாமியாருக்கு என் மேல் ஒரு மரியாதை வந்திருக்கிறது, அல்லது அவர் மேல் அவருக்கே. இப்போது பால் கணக்கைவிடக் கவனமாகக் கட்டத்தைப் பார்க்கிறார்.

கர்ப்பப்பையை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த டாக்டர் பெண்ணிடம் கேட்டேன். குடல் மேல் இருக்கும் முடிச்சை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் முடிச்சு அங்கேயேதான் இருக்கும், வெளிக்குப் போகும்போது வலிக்கத்தான் செய்யும் என்றாள். குழந்தை பெற்றால் சரியாகும் என்பதற்கு என் மகளே சாட்சி. கர்ப்பத்தில் மாதவிடாய் நிற்பதால் வலி ஓய்ந்திருக்கும், சிலருக்கு அதுவும் இல்லை. நோய் போவதில்லை. ஒரு பிள்ளையை மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறவர்கள், 19 வயதுப் பெண்ணின் அப்பா அம்மா அதைப் படித்துவிட்டு அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்பார்கள் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்போது எனக்கு தினமும் டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, 2 மில்லிகிராம், ராத்திரி ஒன்பது மணிக்கு. முதல் நாலு மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்து உயிரை எடுத்தது, எதற்கெடுத்தாலும் அழுகை வந்தது. இது வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டேன். பிறகு மாதவிடாய் நின்றது. வலி நாலில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. முழுசாகப் போகவில்லை. முட்டைக்கோஸ், தட்டைப்பயறு, கடையில் விற்கும் மைதா பண்டம் சாப்பிட்டால் வயிறு இன்னும் உப்புகிறது. இதுவே எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தண்ணீர் பயமில்லாமல் குடிக்கிறேன். லைன் லீடரிடம் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் காட்டிய பிறகு எனக்கு அட்டை கேட்பதில்லை. மற்றவர்களுக்குக் கேட்கிறார்கள்.

ஆபரேஷன் வேண்டுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. முடிச்சைச் சுரண்டி எடுக்கலாம், வட்டமாக வெட்டி எடுத்துத் தைக்கலாம், ரொம்பப் பெரிதென்றால் குடலில் ஒரு துண்டையே எடுத்து இரண்டு முனையையும் இணைக்கலாம் என்று மூன்று விதம் சொன்னார்கள். மகளிர் டாக்டரும் குடல் சர்ஜனும் சேர்ந்து நிற்க வேண்டிய ஆபரேஷன். தையல் ஆறும்வரை சிலருக்கு மலம் வெளியே வர வயிற்றில் பை வைக்க வேண்டி வரலாம். எடுத்த பிறகும் திரும்ப வரலாம். தையல் வேலை எனக்குத் தெரியும். எந்தத் தையல் எங்கே பிரியும் என்று யோசிப்பது என் தொழில். அதனால் பயமும் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. குடல் அடைக்கும் அளவுக்குப் போகாததால் மாத்திரையோடு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டு போகலாம் என்கிறார்கள். இதையெல்லாம் என்னிடம் உட்கார்ந்து சொன்னார்கள், வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லவில்லை. அதற்காகவே கோயம்புத்தூர் வரை பஸ்ஸில் போகலாம்.

இந்தக் கடிதம் அந்தக் கல்லூரிப் பெண்ணுக்குத்தான். கண்ணு, உனக்கு இந்த நோய்தான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். ஆனால் நீ எழுதிய இரண்டாவது வரியை எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வரியாகச் சொல். எந்தத் தேதியில் தூரம், எந்தத் தேதியில் வெளிக்குப் போக வலித்தது, எந்த நாள் காலேஜுக்கு லீவு என்று ஒரே காலண்டரில் மூன்று மாதம் எழுதிக்கொண்டு போ. கல்யாணமாகாத பெண் என்று உள்ளே விட்டுப் பார்க்காமல் வயிற்று மேல் ஸ்கேன் மட்டும் எடுத்து நார்மல் என்று அனுப்பினால், எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேள். கட்டி ஸ்கேனில் தெரிந்தால்தான், வயிற்றில் துளை போட்டுப் பார்த்தால்தான் வைத்தியம் ஆரம்பிக்க முடியும் என்பதெல்லாம் பழைய கணக்கு. அறிகுறியை வைத்தே மாத்திரை தொடங்கிப் பார்க்கலாம் என்று ஈஷ்ரே (ESHRE) என்ற ஐரோப்பிய மருத்துவர் சங்கம் 2022இல் போட்ட வழிகாட்டுதலில் இருப்பதாக அந்தச் சின்ன டாக்டர் எனக்குச் சொன்னாள். மூலம் என்று சொன்னால், அந்த மூலம் ஏன் மாதத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிறது என்று கேள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, டோக்கனுக்குக் காசு நீதானே கொடுத்தாய்.

பதில் எழுதிய டாக்டரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு வரும் கடிதங்களில் 'அந்த நாட்களில் மட்டும்' என்று எங்கேயாவது எழுதியிருந்தால் தயவுசெய்து அதற்கு அடியில் ஒரு கோடு போடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, என் பெயரைப் போட வேண்டாம். கம்பெனியில் எல்லோரும் உங்கள் பேப்பர்தான் படிக்கிறார்கள், அயர்னிங் மாஸ்டர் உட்பட. கடிதம் நீளமாகிவிட்டது, இடம் போதாது என்றால் அமுச்சியை எடுத்துவிடுங்கள், லேகியத்தை எடுத்துவிடுங்கள், கோயம்புத்தூரை எடுத்துவிடுங்கள். மலம் என்ற வார்த்தை காலை நேரத்தில் காப்பி குடித்துக்கொண்டு படிப்பவர்களுக்கு அசிங்கமாக இருக்கும் என்று நினைத்து அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.